முதலில் வாட்டம், அப்புறம் ஓடு

ஒற்றசேகரமங்கலம், ஆரியங்கோடு, பெருங்கடவிளை, வெள்ளறடை என்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றுப் பக்கத்து ஊர்களில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் எந்தச் சாலையிலும் இதைப் பார்க்கலாம். நடுவில் ஒரு கான்கிரீட் வீடு. அதன் பின்பக்கமோ பக்கவாட்டிலோ சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு. விறகடுப்பு, ஸ்கூட்டர், உலர்த்தப் போட்ட ரப்பர் ஷீட், மழைக்காலத்தில் துணிக்கொடி என்று வீட்டுக்குள் இடம் கிடைக்காத எல்லாம் அங்கே வந்து சேரும். பத்து வருடத்துக்கு முன் கட்டியதென்றால் அதன் மேல் பெரும்பாலும் தகரம் இருக்கும். இப்போது ஓட்டின் மேல் மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. தகரத்தின் கீழே சித்திரை மாத மதியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆசையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆசை சரிதான். ஆனால் சாய்ப்பு இறக்க முடிவு செய்த வீட்டுக்காரர் நேரே ஓட்டுக்கடைக்குப் போய், நிறத்தையும் விலையையும் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். வெல்டரோ ஆசாரியோ வந்து, இருக்கிற உயரத்துக்குள் சட்டத்தை அடித்து ஓடு மேய்ந்து தருகிறார். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய முதல் வாரத்தில் உள்ளே வாளி வைக்க வேண்டி வருகிறது. பழி ஓட்டின் மேல் விழுகிறது. பெரும்பாலான இடங்களில் ஓட்டின் மேல் குற்றமே இல்லை. வாட்டம், அதாவது கூரையின் சரிவு, போதவில்லை.

ஒரு சாதாரணக் கணக்கைப் பார்க்கலாம். தரையிலிருந்து கான்கிரீட் தளம் 10 அடி உயரம் என்றால், தளத்தின் விளிம்புக்குக் கீழே சாய்ப்பின் தலைப்பகுதியைச் சேர்க்க 9½ அடி கிடைக்கும். வெளிப்பக்கத்தில் ஆள் தலை இடிக்காமல் போகக் குறைந்தது 7 அடி வேண்டும். ஆக, கூரை இறங்குவதற்குக் கையில் இருப்பது 2½ அடி. சாய்ப்பின் அகலம் 10 அடி என்றால் அதன் சரிவு வெறும் 14 டிகிரி. அதே 2½ அடி இறக்கத்தை 6 அடி அகலத்துக்குக் கொடுத்தால் 22 டிகிரிக்கு மேல் வரும். 5 அடி அகலமென்றால் 26 டிகிரியைத் தாண்டும். மங்களூர் ஓட்டுக்கு இந்த மழைநாட்டில் 25 டிகிரிக்குக் குறையாமல், முடிந்தால் 30 டிகிரி வேண்டும். 10 அடி அகலத்துக்கு 30 டிகிரி கொடுக்க வேண்டுமென்றால் கூரை கிட்டத்தட்ட 5¾ அடி இறங்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டின் சுவரில் அதற்கு இடமில்லை.

எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்ள இன்ஜினியரைத் தேட வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்து, பட்டையின் ஒரு முனை கைமரத்தின் மேல் தொட்டிருக்க, கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறு முனையிலிருந்து கைமரம் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்தால் போதும். 58 செ.மீ. இருந்தால் 30 டிகிரி. 47 என்றால் 25. 27 என்றால் 15. 18 என்றால் 10. சட்டம் அடிக்கும் முன்பே சுவரில் கயிறு பிடித்தும் இதை அளந்துவிடலாம்.

சரிவு குறைந்தால் ஏன் ஒழுகுகிறது? ஓட்டுக் கூரையில் எந்த இடத்திலும் ஒட்டும் பசை கிடையாது. மேல் ஓடு கீழ் ஓட்டின் தலைமேல் சுமார் 7½ செ.மீ. ஏறிப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். மழைத் தண்ணீர் இந்த ஏற்றத்தின் இடுக்கு வழியே பின்னோக்கி ஏறி, கீழ் ஓட்டின் மேல் விளிம்பைத் தாண்டினால்தான் வீட்டுக்குள் விழும். 30 டிகிரி சரிவில் அந்த விளிம்பு, மேல் ஓட்டின் வாயைவிட 37 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 டிகிரியில் அந்த உயரம் 19 மில்லிமீட்டராகக் குறைகிறது. 10 டிகிரியில் 13 மில்லிமீட்டர்தான். கூடவே இன்னொரு சங்கதி உண்டு. ஒவ்வொரு ஓடும் அடுத்ததன் தலைமேல் ஏறி நிற்பதால், கைமரத்தின் சரிவைவிட ஓட்டின் சரிவு எப்போதும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. எதிர்க்காற்றோடு சாரல் அடிக்கும்போது 13 மில்லிமீட்டர் என்பது தடையே இல்லை. சரிவு குறைந்த கூரையில் தண்ணீர் மெதுவாக வடிவதால், அதன் கனமும் ஓட்டின் மேல் கூடிவிடுகிறது.

நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை வட்டாரத்துக்கு வருடத்தில் இரண்டு மழை. ஜூனில் தொடங்குவது மேற்கிலிருந்து காற்றோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் துலாமழை பிற்பகலில் மலைப்பக்கமிருந்து இடியோடு கொட்டும். மேற்கு பார்த்த சாய்ப்புக்கு முதல் மழையில் சோதனை. கிழக்குச் சாய்ப்புக்கு இரண்டாவதில். எந்தப் பக்கம் இறக்கினாலும் ஏதோ ஒரு பருவம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பழைய தச்சர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன், இன்று தமிழ்நாட்டில் இருக்கும் கல்குளமும் விளவங்கோடும், இந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரையும் ஒரே அரசின் கீழ் இருந்தன. எல்லை பிரிந்த பிறகு தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் கட்டுப்பாட்டில் நிற்கிறது. அதன் கூரைகள் செங்குத்தாக எழும்பி, இறவாரம் வரை இறங்கி வருகின்றன. பல இடங்களில் குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தக் கட்டிடத்தை எழுப்பியவர்கள் கூரையின் வாட்டத்தைக் குறைக்கவில்லை. மனிதனின் தலையைத்தான் குனிய வைத்தார்கள். இன்றைய வீட்டுக்காரர் தலையும் குனிய மாட்டேன், அகலமும் குறைக்க மாட்டேன், ஓடும் வேண்டும் என்கிறார். மூன்றில் ஒன்றை விட்டே ஆக வேண்டும்.

இங்கே ஓட்டின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஓட்டு வீடு கட்டிக்கொள்ளக் கூடாது என்ற தடை 19-ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. ஓலைதான் அவர்களுக்கு. மங்களூர் ஓட்டின் கதை பிரான்சில் தொடங்குகிறது. பக்கத்துக்குப் பக்கம் பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு, அங்கே அல்சேஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்றார்கள். அந்த வழியில் வந்த ஓட்டை, பேசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ஜியார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினார். கோழிக்கோடு, ஃபறோக் என்று மேற்குக் கரை நெடுகச் சூளைகள் வந்தன. இன்றும் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, ஓட்டின் அடிப்பக்கத்தில் சூளையின் பெயரும் ஊரும் அச்சாகி இருப்பதைக் காணலாம். நாட்டு ஓட்டைக் கட்டுக் கட்டாக அடுக்க வேண்டியிருந்த இடத்தில், ஒரே அடுக்கில் கூரை முடிந்துபோனதால்தான் மங்களூர் ஓடு இவ்வளவு வேகமாகப் பரவியது. ஆனால் அந்த ஒற்றை அடுக்குக்குச் சரிவு என்ற துணை எப்போதும் தேவைப்பட்டது.

சரி, இருக்கிற வாட்டத்தில் என்னதான் செய்வது?

25 டிகிரிக்கு மேல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மண் ஓடு. அதற்கு ஈடான கூரை இந்த ஊர் வெயிலுக்கு இல்லை. ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறுகிறது, உடைந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வீட்டை இடித்தால்கூட எடுத்து மறுபடி போடலாம். அடுக்களை அளவுக்குச் சாய்ப்பு போதும் என்பவர்கள் அகலத்தை 10 அடியிலிருந்து 5, 6 அடிக்குக் குறைத்து, நீளத்தைக் கூட்டிக்கொண்டால் இந்த வாட்டத்தை எட்டிவிடலாம். இந்த யோசனையை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். ஏனென்றால் இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

15 முதல் 25 டிகிரிக்குள் இருப்பதுதான் தொல்லை பிடித்த இடம். கடைகளில் சிமென்ட் ஓடும், மினுமினுப்பு பூசிய செராமிக் ஓடும் இதற்கென்றே விற்கப்படுகின்றன. ஆழமான பூட்டும் நீளமான ஏற்றமும் உள்ள சில வகைகள் உண்மையிலேயே 15 டிகிரி வரை தாங்கும். பிரிட்டனில் வீட்டின் பின்பக்கம் அறை இழுப்பவர்களுக்கும் இதே தலைவலி. மாடி ஜன்னலின் அடிவிளிம்புக்குக் கீழே கூரையை முடிக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்கும் வாட்டம் கிடைப்பதில்லை. அங்கே தட்டையான சிறு மண் ஓட்டுக்கு 35 டிகிரி என்றும், பெரிய பூட்டு ஓடுகளுக்கு வகைக்கு ஏற்ப 15 அல்லது அதற்கும் சற்றுக் கீழே என்றும் ஒவ்வொரு ஓட்டுக்கும் குறைந்தபட்சச் சரிவை உற்பத்தியாளர் எழுத்தில் தருகிறார். அந்தச் சரிவில் எவ்வளவு ஏற்றம் வைக்க வேண்டும் என்பதும் அதோடு வரும். இங்கேயும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘எல்லாச் சரிவுக்கும் ஆகும்’ என்று வாயால் சொல்லும் ஓட்டை வாங்காதீர்கள். அதோடு, மேலை நாட்டில் ஓட்டின் அடியில் எப்போதும் ஒரு நீர்த்தடுப்பு விரிப்பு இருக்கிறது. அந்த விரிப்பையும் சேர்த்துத்தான் அந்த 15 டிகிரி.

கேரளத்து வெல்டர்கள் கண்டுபிடித்த வழி அந்த விரிப்புக்குப் பதிலாகத் தகரத்தைப் போடுவது. கீழே ஷீட், அதன் மேல் ரீப்பர், அதன் மேல் ஓடு. மழையை இறக்குவது ஷீட்டின் வேலை. வெயிலையும் மழைச் சத்தத்தையும் தாங்குவது ஓட்டின் வேலை. சரிவு 10 டிகிரியானாலும் இது நிற்கும். ஷீட்டை நடுவில் இணைப்பில்லாமல் ஒரே நீளமாகப் போட்டால் நல்லது. இந்த முறையைக் குறை சொல்பவர்கள் உண்டு. இரட்டைச் செலவு, ஓடு வெறும் அலங்காரம் என்பார்கள். குறைந்த வாட்டத்தில் ஓடு வேண்டும் என்று கேட்பவருக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை.

இதில் கெடுவது எங்கே என்றால் ரீப்பரில். ரீப்பர் என்றும் பட்டியல் என்றும் சொல்லும் அந்தக் குறுக்குச் சட்டம் கூரையின் சரிவுக்குக் குறுக்கே ஓடுகிறது. ஓட்டின் வழியே உள்ளே வந்த தண்ணீர் ஷீட்டில் இறங்கி வரும்போது ரீப்பர் ஒவ்வொன்றும் அதை மறித்துத் தேக்கும். அலை வடிவ ஷீட்டானால் பள்ளங்களின் வழியே தண்ணீர் ரீப்பருக்கு அடியில் போய்விடும். தட்டையான பலகை அல்லது விரிப்பின் மேல் போடும்போது, முதலில் மேலிருந்து கீழாக மெல்லிய பட்டைகளை அடித்து, அவற்றின் மேல்தான் குறுக்கு ரீப்பரை வைக்க வேண்டும். ஷீட்டில் ஸ்க்ரூ எப்போதும் மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் இறங்கக் கூடாது. வாஷர் இல்லாத ஸ்க்ரூ என்றால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். பின்னால் ஓட்டைப் பிரித்தால்தான் அந்த ஸ்க்ரூவைப் பார்க்கவே முடியும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அதற்கும் 18 டிகிரி சரிவு வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விட்டுவிடலாம்.

பத்து டிகிரிக்கும் கீழே போனால் ஓட்டை மேலே வைக்கும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது. ஆனால் ஓட்டையே கைவிட வேண்டியதில்லை. அதற்கு வழி காட்டியவர் இதே மாவட்டத்தில் வாழ்ந்தவர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வீடுகள் கட்டியே வாழ்ந்து, 2007-இல் மறைந்த லாரி பேக்கர், மங்களூர் ஓட்டைக் கான்கிரீட்டுக்குள் வைத்தார். கான்கிரீட் தளத்தின் மேல்பாதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட் கம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேலை செய்யாத அந்த இடத்தில் எதற்கு விலை கொடுத்து சிமென்ட்டை நிரப்ப வேண்டும் என்று கேட்டார் பேக்கர். கம்பிகளைச் சதுரம் சதுரமாக அமைத்து, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் பழைய ஓட்டை, பெரும்பாலும் இரண்டு இரண்டாக, கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டார். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைப்பதும் விளிம்பு உடைந்ததும் இதற்குப் போதும். இரண்டு ஓட்டுக்கும் இடையில் அடைபட்ட காற்று சூட்டைக் குறைக்கும். கான்கிரீட் 20 முதல் 30 சதவீதம் மிச்சமாகும் என்பது பேக்கர் வழியில் கட்டுபவர்களின் கணக்கு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் சிவப்பு தெரியும். தனியாகப் பூச்சு வேண்டாம்.

பேக்கரோடு முன்னாள் முதல்வர் அச்சுத மேனனும் பொருளாதார அறிஞர் கே.என்.ராஜும் சேர்ந்து 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு, இந்தத் தளத்தை எத்தனையோ வீடுகளில் போட்டிருக்கிறது. ஒற்றசேகரமங்கலத்தைப் போலவே காட்டாக்கடை வட்டத்துக்குள் வரும் விளப்பில்சாலையில், பேக்கர் பெயரிலேயே ஒரு குடியிருப்பு ஆய்வு மையமும் இருக்கிறது. ஓடு புதைத்த தளத்துக்கு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுத்தாலே தண்ணீர் வடியும். கம்பியின் கனமும் இடைவெளியும் அகலத்தைப் பொறுத்தவை. அதை மட்டும் விவரம் தெரிந்த இன்ஜினியரிடம் விட்டுவிட வேண்டும். யூகத்தில் போடக் கூடாது.

எந்தக் கூரையானாலும் சாய்ப்புக்கு என்று ஒரு நோய் உண்டு. புதிய கூரை பழைய சுவரைத் தொடும் வரி. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட்டை அப்பிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். சட்டம் வெயிலில் நீளும், மழையில் சுருங்கும். சுவர் அசையாது. ஒரு கோடைக்குள் அந்தச் சிமென்ட் மயிரிழை அளவுக்குப் பிளந்துவிடும். செய்ய வேண்டியது இது. ஓட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சுவரில் நெடுகக் காடி வெட்டி, மடித்த அலுமினியத் தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் செருகிப் பூசவும். கீழ் விளிம்பு ஓட்டின் மேல் ஒரு சாண் தூரம் தளர்வாகப் படுத்திருக்கட்டும். தகடு சுவரோடு நிற்கும், ஓடு அதன் அடியில் அசைந்துகொள்ளும். கான்கிரீட் தளத்துத் தண்ணீர் நேரே சாய்ப்பின் மேல் விழுகிற வீடுகளில், அதைக் குழாய் வைத்துத் தனியாக இறக்கிவிட வேண்டும். ஏற்கெனவே வாட்டம் குறைந்த கூரை, வீட்டு மழையையும் சேர்த்துச் சுமக்க முடியாது.

காற்றையும் மறக்கக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரையை ஒட்டிப் போனபோது, குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்துத் தென்பகுதியிலும் ரப்பரும் வாழையும் சாய்ந்ததோடு கூரைகளும் பறந்தன. வாட்டம் குறைந்த கூரையைக் காற்று மேல்நோக்கி இழுக்கிறது. பக்கம் திறந்த சாய்ப்பில் கீழிருந்தும் தள்ளுகிறது. இறவாரத்து முதல் இரண்டு வரிசையையும் ஓரங்களையும் முகட்டு ஓட்டையும் ரீப்பரோடு கம்பி வைத்துக் கட்டுவது சில மணி நேர வேலைதான். சட்டம் சுவரிலும் தூணிலும் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் ரப்பர் இலை. மார்கழி தொடங்கி மாசிக்குள் தோட்டமே இலையுதிர்த்துவிடும். 30 டிகிரிக் கூரையில் அது சறுக்கிப் போகும். 15 டிகிரியில் ஓட்டின் பள்ளத்தில் படிந்து, மக்கி, பாசி பிடித்து, அடுத்த மழையில் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். தோட்டத்துக்கு நடுவே வீடு இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில், கூரையைப் பெருக்கும் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் ஓட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளைவு அதிகமான ஓட்டைவிடப் பள்ளம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும் ஓடு அங்கே தொல்லை தராது.

இனி கடைக்குப் போகலாம். மங்களூர் ஓட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 654. அதன்படி ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் முதல் தரமான ஏ.ஏ. வகை தன் எடையில் 18 சதவீதத்துக்கு மேலும், ஏ வகை 20 சதவீதத்துக்கு மேலும் தண்ணீர் குடிக்கக் கூடாது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மாதிரிக்கு நாலைந்து ஓட்டை வாங்கி, காய்ந்த நிலையில் நிறுத்து, ஒரு நாள் முழுக்க வாளியில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். இரண்டரை கிலோ ஓடு அரை கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் சரியாக வேகாத ஓடு. விரல் முட்டியால் தட்டினால் நன்றாக வெந்த ஓடு மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப் போகும். சமதரையில் வைத்துப் பார்த்தால் நான்கு மூலையும் ஆடாமல் உட்கார வேண்டும். முறுக்கிய ஓட்டின் பூட்டு பொருந்தாது. வாட்டம் குறைந்த கூரையில் அந்த ஒரு இடுக்கே போதும்.

சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். 100 சதுர அடிக்கு 140. உடைவுக்கும் பின்னாளில் மாற்றுவதற்கும் பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே சூளையில் ஒரே தடவை வாங்கிவிடுங்கள். சூளைக்குச் சூளை அளவு கொஞ்சம் மாறும், மூடிய சூளையின் ஓட்டுக்கு ஜோடி கிடைக்காது. 100 சதுர அடிக் கூரையின் எடை உலர்ந்திருக்கும்போது சுமார் 350 கிலோ, நனைந்தால் இன்னும் 60, 70 கிலோ கூடும். சிமென்ட் ஓடு இன்னும் கனம். தகரத்துக்குப் போட்ட பழைய பைப் சட்டத்தின் மேல் ஓட்டை ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கூடாது. வேலை தொடங்கும் முன் கிராமப் பஞ்சாயத்தில் அனுமதியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளில் எல்லைக்கு விட வேண்டிய இடைவெளிக்கு அளவு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மனையில் உங்கள் இறவாரத் தண்ணீர் விழுந்தால் வழக்கு வரும்.

மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கி, மே மாதம் பாதி போவதற்குள் முடித்துவிடுங்கள். முடிந்ததும் ஏணியில் ஏறி, சுவரோரத் தகட்டின் மேல் ஹோஸ் பைப்பை அரை மணி நேரம் திறந்து விட்டு, கீழே நின்று பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தால் அன்றைக்கே சரி செய்யச் சொல்லுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.